பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு பள்ளிக்கூடம் தேடி…

கே: சி.பி.எஸ்.இ., ஸ்டேட் போர்டு, ஐ.பி. – பிள்ளையை எதில் சேர்ப்பது? (ஒரு தந்தை, நாவலூர்)

ப: முதலில் வேன் எத்தனை மணிக்கு வரும் என்று கேளுங்கள். 1968-ல் ஜெனீவாவில் பிறந்த ஐ.பி.யும் டெல்லியிலிருந்து வந்த சி.பி.எஸ்.இ.யும் காலை எட்டு மணிக்குச் சோழிங்கநல்லூர் சந்திப்பில் ஒரே வரிசையில்தான் நிற்கின்றன. மெட்ரோ ரயில் வேலைக்குப் பாடத்திட்டப் பாகுபாடு கிடையாது.

ஊர் ஊராக மாற்றலாகும் உத்தியோகமா? சி.பி.எஸ்.இ. வசதி. வெளிநாட்டில்தான் பட்டப்படிப்பு என்று உறுதியாக இருக்கிறீர்களா? ஐ.பி. கட்டணம் இப்போதே உங்களைப் பழக்கிவிடும். மற்ற எல்லோருக்கும் இந்தப் பகுதியின் பழைய பல்லவிதான்: வீட்டுக்குப் பக்கத்தில் பாருங்கள்.

கே: மெட்ரிக் பள்ளிப் பாடம் அரசுப் பள்ளியைவிட உசத்திதானே? (பெருங்குடி வாசகி)

ப: அதே புத்தகம், அம்மா! சமச்சீர் கல்விச் சட்டம் வந்தது 2010-ல். அடுத்து வந்த அரசு அதைத் தள்ளிப்போடப் பார்த்தது. 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் விடவில்லை. அன்றிலிருந்து பாடமும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வும் இருவருக்கும் ஒன்றே. ஆங்கில வழிப் பிரிவு அரசுப் பள்ளிகளிலும் உண்டு. டை மட்டும்தான் தனியாக வாங்க வேண்டும்.

கே: நீச்சல் குளம் உள்ள பள்ளி அவசியமா? (பள்ளிக்கரணை)

ப: நவம்பர் வரை பொறுங்கள். வாசலுக்கே வரும்.

கே: பள்ளியின் பெயரில் 'இன்டர்நேஷனல்' இருந்தால்? (கேளம்பாக்கம்)

ப: விமான நிலையம் என்றால் பாஸ்போர்ட் எடுத்துப் போங்கள். பள்ளி என்றால் செக் புத்தகம்.

கே: ஒன்றாம் வகுப்பு அட்மிஷனுக்கு எங்களையும் இன்டர்வியூ செய்கிறார்களே? (திருவான்மியூர் தம்பதி)

ப: 2009-ன் கல்வி உரிமைச் சட்டம், 13ஆம் பிரிவு: பிள்ளையையும் வடிகட்டக் கூடாது, பெற்றோரையும் வடிகட்டக் கூடாது. முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம், அதன் பிறகு ஒவ்வொரு முறையும் 50,000 வரை. நன்கொடை வாங்கினால் அதைப்போல் பத்து மடங்கு வரை. அதனால்தான் சில இடங்களில் காபி கொடுத்து 'சும்மா பேசுகிறார்கள்'. அப்பா எங்கே வேலை, சொந்த வீடா, வாடகை வீடா என்று பேச்சு நீளும். பிள்ளையின் பெயரைக் கேட்க நேரமிருக்காது.

கே: தமிழ் படிக்காமல் தப்பிக்க வழி? (ஈ.சி.ஆர். அன்பர்)

ப: 2006-லேயே சட்டம் போட்டாயிற்று. 2015-16 முதல் சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கும் ஒன்றாம் வகுப்பிலிருந்து படிப்படியாக வந்துவிட்டது. கடலில் குதித்தாலும் மீனவர் தமிழில்தான் காப்பாற்றுவார்.

கே: ஆட்டோ ஓட்டுகிறேன். மகளைத் தனியார் பள்ளியில் 25 சதவீத ஒதுக்கீட்டில் சேர்க்கவா, அரசுப் பள்ளியிலா? (கண்ணகி நகர்)

ப: இரண்டுமே உங்கள் மகளின் உரிமை. ஆனால் ஒதுக்கீடு எட்டாம் வகுப்போடு முடிகிறது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து முழுக் கட்டணம் உங்கள் தலையில் விழும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்குத் தகுதி உண்டு; கல்லூரிக்குப் போகும்போது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். முடிவெடுக்கும் முன் பக்கத்து அரசுப் பள்ளிக்கு ஒரு வேலை நாளில் நேரில் போய், எந்தெந்த வகுப்புக்கு ஆசிரியர் இருக்கிறார் என்று பாருங்கள். ஒதுக்கீட்டுக்கும் விண்ணப்பிப்பதாக இருந்தால், வருமானச் சான்றையும் பிறப்புச் சான்றையும் இப்போதே வாங்கி வையுங்கள்.