மௌஸ் தொடாத விரதக்காரர்

சிலர் வெங்காயம், பூண்டு சேர்ப்பதில்லை. இவர் மௌஸ் சேர்ப்பதில்லை. மேசையில் ஒன்று கிடக்கும், வந்து போகிறவர்களுக்காக. குரோமில் விமியம் என்ற இலவச நீட்சியைப் போட்டுக்கொண்ட நாளிலிருந்து இந்த ஆசாரம். ஜே தட்டினால் பக்கம் இறங்கும், கே தட்டினால் ஏறும். எஃப் தட்டினால் திரையிலுள்ள ஒவ்வொரு இணைப்பின் தலையிலும் மஞ்சள் சீட்டில் ஓரிரு எழுத்து முளைக்கும். அதை அடித்தால் இணைப்பு திறந்துகொள்ளும். ஏன் ஜே, ஏன் கே என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். 1976 வாக்கில் பெர்க்லியில் பில் ஜாய், விமியம் விசைகளைக் கடன் வாங்கிய விஐ எடிட்டரை எழுதியபோது, அவர் வேலைபார்த்த ஏடிஎம்-3ஏ முனையத்தில் அம்புக்குறிகள் எச், ஜே, கே, எல் விசைகளின் மேல்தான் இருந்தன என்று ஆரம்பித்து, உங்கள் காபி ஆறும்வரை விடமாட்டார்.

ஆசாரத்துக்கு ஆபத்து வரும் இடங்களும் உண்டு. குரோம் வெப் ஸ்டோர் பக்கத்திலும் குரோமின் அமைப்புகள் பக்கத்திலும் இந்த மாதிரி நீட்சிகளை உலாவி உள்ளே விடாது. அங்கே போய் மாட்டிக்கொண்டால் ஜே-யைத் தட்டித் தட்டிப் பார்ப்பார். அசையாது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மெதுவாக அந்த மௌஸின் மேல் கையை வைப்பார்.

பயன்படுத்துவதோடு நின்றிருந்தால் இவரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஒய் இருமுறை தட்டினால் பக்கத்தின் முகவரி நகலாகும். இவருக்கோ தலைப்பும் சேர்ந்து வேண்டும், மார்க்டவுன் வடிவில். இரண்டையும் தனித்தனியாக எடுத்து ஒட்ட நாலு விநாடி வீணாகிறதாம். எம்ஐடி உரிமம்தானே, திறந்த மூலம்தானே, நாமே ஒரு கட்டளை எழுதிச் சேர்த்துவிடுவோம் என்று கிளம்பிவிடுவார். நாலு விநாடியை மிச்சம்பிடிக்க அவர் செலவழிக்கப்போவது எத்தனை மாதம் என்ற கணக்கை அவரும் போடுவதில்லை, வீட்டாரையும் போட விடுவதில்லை.

நிரல் எழுதுவது பெரிய காரியமே இல்லை. கட்டளைக்கு ஒரு பெயர், உதவிப் பலகையில் தெரிய ஒரு வரி விளக்கம், வேலையைச் செய்ய ஒரு ஃபங்ஷன். இலை போடுவதற்குள் முடித்துவிடுவார். எந்த விசை என்பதில்தான் வினை. தலைப்பு என்றால் டைட்டில், ஆகவே ஒய்-டி. அது ஏற்கெனவே தாவலை இரட்டிப்பாக்கப் போய்விட்டது. ஒய்-எஃப்? இணைப்பின் முகவரியை நகலெடுக்க. எக்ஸ் தாவலை மூடும், பெரிய எக்ஸ் மூடியதைத் திறக்கும், ஜி-யு முகவரியில் ஒரு படி மேலே ஏறும், ஜி-ஐ முதல் உரைப்பெட்டிக்குள் குதிக்கும். நல்ல எழுத்துகளுக்கெல்லாம் ஆள் வந்து உட்கார்ந்தாயிற்று. "தாவலை எவன் சார் இரட்டிப்பாக்குறான்?" என்று என்னிடம் கொதித்தார். நான்தான். சொல்லவில்லை.

பிறகு புல் ரிக்வெஸ்ட், அதாவது எழுதியதை மூல நிரலில் சேர்க்கச் சொல்லும் விண்ணப்பம். நிரல் பன்னிரண்டு வரி, விளக்கவுரை மூன்று திரை, கூடவே அசையும் படம். உலகமே இதற்குக் காத்திருப்பதாக எழுதுவார்; உலகம் என்பது அவரும் பக்கத்து நாற்காலிக்காரரும். அனுப்பியதும் பதில் வராது. விமியத்தைத் தொடங்கிய ஃபில் கிராஸ்பி, இல்யா சுகார் காலத்திலிருந்தே இது சொந்த நேரத்தில் நடக்கிற வேலை. ஆர் தட்டினால் பக்கம் புதுப்பிக்கப்படும். அந்த வாரங்களில் அவர் அதிகம் தட்டுவது அதைத்தான்.

கடைசியில் வரும் பதில் மரியாதையாகத்தான் இருக்கும். இது பலருக்கும் வேண்டுமா? மாறியின் பெயரை மாற்ற முடியுமா? சோதனை எங்கே? இதற்கிடையில் மூல நிரல் நகர்ந்துவிட்டது, மோதலைத் தீர்த்து அனுப்பவும். இவர் முணுமுணுப்பார். ஆனால் நியாயம் பராமரிப்பாளர் பக்கம்தான். எழுதியவர் அடுத்த மாதம் காணாமல் போகலாம். பன்னிரண்டு வரியோ அங்கேயே குடியிருக்கும். நீட்சிகளுக்கான விதிமுறையை மாற்றி, மேனிஃபெஸ்ட் வி2-வை விட்டு வி3-க்கு வா என்று குரோம் சொன்னபோது, பழைய கட்டளைகளையெல்லாம் மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு போனது பராமரிப்பவர்கள்தான்.

ஒருவழியாக ஏற்றுக்கொள்வார்கள், ஒரு நிபந்தனையோடு: கட்டளை உண்டு, விசை கிடையாது. வேண்டியவர்கள் விமியத்தின் அமைப்புகளில் 'மேப்' என்று ஒரு வரி எழுதிக்கொள்ளலாம். அன்று மாலையே தன் கணினியில் அந்த வரியை எழுதிவிட்டு, மைத்துனரை உட்கார வைத்து, "கேள்விக்குறியைத் தட்டுங்க மாப்ளே, கீழே மேம்பட்ட கட்டளைகளைக் காட்டுன்னு இருக்கும், அதைத் திறங்க, இன்னும் கீழே, இன்னும் கொஞ்சம்..." என்று தன் ஒற்றை வரியைக் காட்டுவார். மைத்துனர் இதுவரை மௌஸோடு சந்தோஷமாக இருந்தவர்.

அதற்குள் எவரோ முறையிட்டிருப்பார்: தலைப்பில் சதுர அடைப்புக்குறி இருந்தால் மார்க்டவுன் உடைகிறது. எழுதியவர் இவர்தானே என்று இவர் பெயரையே குறிப்பிட்டுவிடுவார்கள். இப்போது அதைச் சரிசெய்துகொண்டிருக்கிறார். முடிந்ததும் முகவரியை முதலில், தலைப்பைப் பின்னால் வைத்து நகலெடுக்க இன்னொரு கட்டளை யோசனையில் இருக்கிறதாம்.