மட்கார்டு என்னும் மகத்தான கண்டுபிடிப்பு

பந்தய சைக்கிள் உலகம் அபாரமாக வளர்கிறது. முதலில் மட்கார்டையும் கேரியரையும் கழற்றினார்கள்; டயரை 23 மில்லிமீட்டருக்கு இளைக்க வைத்தார்கள். முதுகில் சேறு தெறித்தால்தானே வேகம் தெரியும்!

இப்போது அடுத்த பாய்ச்சல். அளவெடுத்துச் செய்யும் சைக்கிளில் மட்கார்டு மாட்டத் துளை, கேரியருக்குத் துளை, 32 மில்லிமீட்டர் டயர் உரசாமல் சுழல இடைவெளி. ஒவ்வொன்றுக்கும் தனி விலை. நியாயம்தான். இல்லாத உலோகத்தைச் சும்மாவா தருவார்கள்?

வந்தவாசியில் கோரைப் பாய்க் கட்டைக் கேரியரில் ஏற்றிப் போகிறவர் பாவம், இதெல்லாம் அறியாதவர். அவர் ஓட்டுவது இரும்பு மட்கார்டும் ஒன்றரை அங்குல டயரும் கொண்ட பழைய சைக்கிள்.

இந்த உச்சத் தொழில்நுட்பத்தைத் தமிழக அரசு 2001-02 முதலே பள்ளி மாணவிகளுக்கு இலவசமாகத் தந்துவருகிறது. கூடவே ஸ்டாண்டும் உண்டு. லட்ச ரூபாய் சைக்கிள் சாய இன்னும் சுவர் தேடுகிறது. அடுத்த ஆண்டு ஸ்டாண்டும் கண்டுபிடிக்கப்படலாம்.