அனுபவம் (ஜிஎஸ்டி தனி)

சுற்றறிக்கை வந்துவிட்டது. ஐந்தாம் செமஸ்டர் மாணவர்கள் எல்லாரும் இன்டர்ன்ஷிப் முடித்த சான்றிதழை வெள்ளிக்கிழமைக்குள் துறைத் தலைவரிடம் ஒப்படைக்க வேண்டும். தவறினால் ஹால் டிக்கெட் கிடையாது. எங்கே போய் இன்டர்ன்ஷிப் செய்வது? சுற்றறிக்கையில் இல்லை. என்ன கற்றுக்கொள்வது? அதுவும் இல்லை. யார் சொல்லித்தருவார்? அதிகப்பிரசங்கித்தனமான கேள்வி. சான்றிதழ் எப்படி இருக்க வேண்டும் என்பது மட்டும் தெளிவாக இருக்கிறது: ஏ4 தாள், கலர் பிரிண்ட், நிறுவனத்தின் முத்திரை, மூன்று நகல்.

நம் தனியார் பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் இதற்குத்தான் அனுபவவழிக் கற்றல் என்று பெயர்.

1984இல் டேவிட் கோல்ப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். மனிதன் முதலில் ஒரு வேலையைச் செய்து பார்க்கிறான். பிறகு செய்ததை அசைபோடுகிறான். அதிலிருந்து ஒரு பொதுவிதியைக் கண்டுபிடிக்கிறான். அந்த விதியை அடுத்த வேலையில் சோதித்துப் பார்க்கிறான். இப்படி நான்கு படிகள். கோல்ப் இதை வட்டமாக வரைந்தார். அந்த வட்டம் இப்போது நம்மூர் கேரியர் சென்டர்களில் பிளெக்ஸ் பேனராகத் தொங்குகிறது.

பேனருக்குக் கீழே நடப்பதும் நான்கு படிகள்தான். செய்து பார்த்தல்: ஜிபேயில் பணம் அனுப்புவது. அசைபோடுதல்: எதற்காக அனுப்பினோம் என்று ஹாஸ்டலில் மல்லாந்து படுத்து யோசிப்பது. பொதுவிதி: காசு கொடுத்தால் கல்வியில் எதுவும் கிடைக்கும். சோதித்தல்: அரியர் பேப்பருக்கு யாரைப் பார்க்கலாம் என்று விசாரிப்பது. அண்ணா பல்கலைக்கழகத்தின் விடைத்தாள் மறுமதிப்பீட்டில் காசு விளையாடியதாக 2018இல் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிந்த மாநிலம் இது. மாணவனின் ஆராய்ச்சியை ஆதாரமற்றது என்று ஒதுக்கிவிட முடியாது.

பணம் யாருக்குப் போகிறது? மொபைல் கடைக்கு மேல்மாடியில் ஒரு 'டெக்னாலஜிஸ் பிரைவேட் லிமிடெட்' இருக்கும். மூன்று கம்ப்யூட்டர், ஒரு லெட்டர்பேடு, ஒரு ரப்பர் ஸ்டாம்பு, ஒரு கியூஆர் கோடு. ஒரு வாரத்துக்கு ஒரு விலை, ஒரு மாதத்துக்கு ஒரு விலை. ஒரு மாதத்து அனுபவத்தை ஒரே மத்தியானத்தில் வாங்க வேண்டுமென்றால் அதற்குத் தனி விலை. ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி. ரசீது வேண்டாம் என்றால் அந்த 18 போய்விடும். வரி ஏய்ப்பு பாடத்திட்டத்தில் இல்லை. ஆனாலும் அன்போடு சொல்லித்தருகிறார்கள்.

மேல்மாடிவரை நடக்கச் சோம்பலா? ஆன்லைன் இருக்கிறது. விண்ணப்பித்த அன்றே ஆஃபர் லெட்டர் வரும். நேர்காணல் கிடையாது. மூன்று வேலை தருவார்கள்: ஒரு கால்குலேட்டர், செய்ய வேண்டியவற்றைக் குறித்துவைக்கும் ஒரு பட்டியல், ஒரு கட்ட விளையாட்டு. போன வருஷத்து சீனியர் எழுதிய நிரலில் பெயரை மாற்றி ஏற்றினால் போதும். பிறகு லிங்க்டினில் 'பெருமகிழ்ச்சியுடன் அறிவிக்கிறேன்' என்று ஒரு பதிவு, அந்த நிறுவனத்தை டேக் செய்து. அது கட்டாயம். விளம்பரச் செலவு நிறுவனத்துக்கு மிச்சம். சான்றிதழைத் திறக்க மட்டும் ஒரு சின்னக் கட்டணம். இப்படி ஆண்டுதோறும் இந்தியாவில் உற்பத்தியாகும் கால்குலேட்டர்களை நினைத்தால், இந்த நாட்டில் கணக்குத் தப்பவே கூடாது. ஆனால் தப்புகிறது. முக்கியமாக, கல்லூரிக் கட்டணக் கணக்கு.

இதை வெறும் மாணவர் தில்லுமுல்லு என்று நினைத்தால் நாம் ஏமாளிகள். இது வடிவமைக்கப்பட்ட ஏற்பாடு. 2018இல், தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ, பொறியியல் பாடத்திட்டத்தை 160 கிரெடிட்டாகச் சுருக்கியது. அதில் 14 முதல் 20 கிரெடிட்டை இன்டர்ன்ஷிப், புராஜெக்ட் வகையறாக்களுக்கு ஒதுக்கியது. ஏறத்தாழ 600 முதல் 700 மணி நேரம். நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் லட்சக்கணக்கான மாணவர்களுக்கு 600 மணி நேர வேலையும், அதைச் சொல்லித்தர ஆளும் எங்கிருந்து வரும்? அதைக் கல்லூரி பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். மாணவன் பார்த்துக்கொள்ளட்டும் என்றது கல்லூரி. மேல்மாடிக்காரர் பார்த்துக்கொண்டார்.

அடுத்து தரச்சான்று. எத்தனை சதவீத மாணவர்கள் இன்டர்ன்ஷிப் போனார்கள் என்று கேட்கிறது, கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பின் படிவம். சதவீதம் கேட்டால் சதவீதம் கிடைக்கும். ஆய்வுக்குழு வரும் நாளில் மாப்பிள்ளை வீட்டார் வருவதுபோலக் கல்லூரி பூச்சூடி நிற்கும். சான்றிதழ்கள் ஸ்பைரல் பைண்டிங்கில் மேசைமேல் அடுக்கப்பட்டிருக்கும். பிரித்துப் பார்க்க வேண்டியவர்களின் யோக்கியதை என்ன? 2025 பிப்ரவரியில், ஆந்திரத்தில் ஒரு கல்வி நிறுவனத்துக்கு உயர்ந்த தரச்சான்று தர ரொக்கமும் தங்கமும் லேப்டாப்பும் கைமாறின என்று சொல்லி, நாக் ஆய்வுக்குழுவினரையே சிபிஐ கைது செய்தது. மாணவன் சில ஆயிரத்துக்குச் சான்றிதழ் வாங்குகிறான் என்று இனி யாரும் முகம் சுளிக்க வேண்டாம். பையன் சில்லறை வியாபாரி. மொத்த வியாபாரம் மேலே நடக்கிறது.

இன்டர்ன்ஷிப்பைக் கண்காணிக்க ஆசிரியர் ஒருவர் மெண்டராக இருப்பார் என்று விதி சொல்கிறது. ஆசிரியர் இருந்தால்தானே! 2024 ஜூலையில், ஊழலை எதிர்க்கும் அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. ஒரே ஆசிரியர் ஒரே கல்வியாண்டில் பல பொறியியல் கல்லூரிகளில் முழுநேரப் பணியில் இருந்தார். சிலர் 10க்கும் மேற்பட்ட கல்லூரிகளில். அண்ணா பல்கலைக்கழகமும் விசாரித்துவிட்டு, முறைகேடு உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. அந்தக் கல்லூரிகளுக்கெல்லாம் நேரில் ஆய்வு செய்துதான் அனுமதி கொடுத்திருந்தார்கள். ஆக, இல்லாத ஆசிரியரின் மேற்பார்வையில், போகாத நிறுவனத்தில், செய்யாத வேலைக்கு மாணவன் அறிக்கை எழுதுகிறான். அந்த நாடகத்தில் உண்மையாக இருப்பது அவன் அப்பா கட்டிய பணம் மட்டும்.

அனுபவத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. ஐ.வி. விரித்துச் சொன்னால் இண்டஸ்ட்ரியல் விசிட். மூன்று நாள் டூர். அதில் அரைமணி நேரம் ஏதாவது பால் பண்ணை. தலையில் வலைத்தொப்பி மாட்டி ஒரு குரூப் போட்டோ. மிச்ச நேரமெல்லாம் மூணாறு. மெக்கானிக்கல் மாணவனுக்கும் பால்கோவா, கம்ப்யூட்டர் மாணவனுக்கும் பால்கோவா. அறிக்கையில் 'தொழில்துறையுடன் நெருங்கிய தொடர்பு'. டூர் போகட்டும், வயசுப் பிள்ளைகள். டூர் என்று சொல்லிவிட்டுப் போகட்டும்.

வேலையே இல்லாத பயிற்சி ஒருபக்கம் என்றால், பயிற்சியே இல்லாத வேலை மறுபக்கம். ஏஐசிடிஇ 2013இல் 'நீம்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. 3 மாதம் முதல் 36 மாதம் வரை பயிற்சி. பயிற்சி பெறுபவர் தொழிலாளி ஆகமாட்டார். ஆகவே திறனற்ற தொழிலாளிக்குரிய குறைந்தபட்சக் கூலி கொடுத்தால் போதும். ஆட்டோமொபைல் ஆலைகளுக்குக் கேட்கவா வேண்டும்? அசெம்பிளி லைனில் பயிற்சியாளர்கள் வரிசையாக வந்து நின்றார்கள். ஒரு திருகாணியை முடுக்கக் கற்றுக்கொள்ள 36 மாதம்! அவ்வளவு மந்தபுத்தியா நம் பிள்ளைகள்? இல்லை. 37ஆம் மாதம் நிரந்தரத் தொழிலாளியின் சம்பளம் கேட்டுவிடுவான். அதற்குமுன் அடுத்த பயிற்சியாளர் வந்தாக வேண்டும். தொழிற்சங்கங்கள் கத்தித் தீர்த்த பிறகு, அந்தத் திட்டம் சத்தமில்லாமல் மூடப்பட்டது.

மூடினால் என்ன, இன்னொன்று திறக்கும். 2024 பட்ஜெட்டில் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் வந்தது. ஐந்தாண்டில் 1 கோடி இளைஞர்கள். நாட்டின் தலைசிறந்த 500 நிறுவனங்கள். அறிவிப்பின்படி மாதம் 5,000 ரூபாய். அதில் 4,500ஐ அரசு கொடுக்கும். கோடிகளில் லாபம் பார்க்கும் நிறுவனம் தன் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து 500 ரூபாய் கொடுக்கும். ஆமாம், ஐந்நூறு. சென்னையில் ஒரு விடுதிப் படுக்கைக்கும் மூன்று வேளைச் சோற்றுக்கும் அந்த 5,000 பற்றாது. அதைப் பையன்கள் கணக்குப் போட்டுவிட்டார்கள், கால்குலேட்டர்தான் கைவசம் இருக்கிறதே! முதல் சுற்றில் 1.27 லட்சம் இடங்கள். சுமார் 82,000 அழைப்புகள் போயின. ஏற்றவர்கள் 28,000 பேர். கடைசியில் போய்ச் சேர்ந்தவர்கள் சுமார் 8,700. ஒதுக்கிய 2,000 கோடி ரூபாய் 380 கோடியாகச் சுருங்கியது. அறிவிப்பு விளம்பரம் மட்டும் முழுப் பக்கத்திலிருந்து சுருங்கவில்லை.

உண்மையான பயிற்சி முடியாத காரியமா? 1906இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர் செய்துகாட்டினார். ஒரு வாரம் வகுப்பு, ஒரு வாரம் தொழிற்சாலை. தொழிற்சாலை வாரத்துக்குக் கூலி. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957இல் தொடங்கும்போதே இந்த முறையில் தொடங்கியது. அவ்வளவு தூரம் போவானேன்? பிலானி பிட்ஸ் 1973 முதல் 'பிராக்டிஸ் ஸ்கூல்' நடத்துகிறது. அங்கே பேராசிரியரும் நிறுவனத்துக்குப் போகிறார். நம் கோவை பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரியில் சாண்ட்விச் படிப்பு நெடுங்காலமாக இருக்கிறது. ஐந்து வருஷம், படிப்புக்கு நடுநடுவே பட்டறையில் கை அழுக்காகும். இவற்றில் மந்திரம் ஒன்றுமில்லை. வேலை உண்மையானது. சொல்லித்தர ஆள் உண்டு. செய்த வேலையைக் கேள்வி கேட்டு மதிப்பெண் போடுகிறார்கள்.

சட்டமும் இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டத்தில் பட்டதாரிகளும் 1973லேயே சேர்க்கப்பட்டுவிட்டார்கள். பட்டதாரி அப்ரண்டிஸுக்குக் குறைந்தபட்சம் மாதம் 9,000 ரூபாய் என்று 2019 விதிகள் வைத்தன. அதில் பாதியை மத்திய அரசே ஏற்றுக்கொள்ளும். தென்மாநிலங்களுக்கான அப்ரண்டிஸ் பயிற்சி வாரிய அலுவலகம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது. நம் கேரியர் சென்டர்காரர்கள் எத்தனை பேர் அந்தப் படி ஏறினார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

சொல்லித்தர ஆளில்லை என்பதும் பொய். அம்பத்தூரிலும் கிண்டியிலும் குறிச்சியிலும் ஓசூரிலும் ஆறு பேரை வைத்து லேத் பட்டறை நடத்தும் முதலாளி இருக்கிறார். இரும்பின் சத்தத்தை வைத்தே எங்கே தேய்கிறது என்று சொல்வார். இரண்டு மாதம் அவரிடம் நின்றால் நான்கு வருஷத்தில் வராதது வரும். ஆனால் அவரிடம் வழவழப்பான லெட்டர்பேடு இல்லை. பெயரில் 'குளோபல்' இல்லை. ஆகவே பிளேஸ்மென்ட் செல் அந்தத் தெருவுக்கே போகாது. மேல்மாடிக்காரரிடம் இரண்டும் இருக்கின்றன.

கடைசியில் அடிபடுவது யார்? அப்பாவோ மாமாவோ கம்பெனியில் மேனேஜராக இருக்கிற பையனுக்கு ஒரு போனில் நல்ல இன்டர்ன்ஷிப் கிடைத்துவிடும். விசைத்தறி ஓட்டுபவரின் மகளுக்கு யார் போன் செய்வார்? 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத இடம் உண்டு. கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசு கட்டுகிறது. நல்ல காரியம். அந்தப் பிள்ளை உள்ளே வந்ததும் சான்றிதழுக்குக் காசு எடுத்துவா என்கிறது சுற்றறிக்கை. எந்த அரசாங்கக் கணக்கிலும் வராத கட்டணம் இது. அம்மாவின் கழுத்தில் கிடப்பதுதான் இதற்கு நிதி ஒதுக்கீடு. நான்காம் வருஷம் நேர்முகத்தில், இன்டர்ன்ஷிப்பில் என்ன செய்தாய் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு மேல்மாடிக்காரர் பதில் விற்பதில்லை. பிள்ளை தலைகுனிந்து வெளியே வரும். இந்தத் தலைமுறைக்குத் திறமை போதவில்லை என்று எச்.ஆர். பெரியவர் ஒருவர் மாநாட்டில் கவலைப்படுவார். அதே மாநாட்டில் அந்தக் கல்லூரித் தாளாளருக்குப் பொன்னாடை போர்த்துவார்கள்.

போதும். கலந்தாய்வு சமயத்தில் கல்லூரி பார்க்கப் போகும் பெற்றோர்களே, பஸ் எத்தனை, ஏசி ஹாஸ்டல் உண்டா என்று கேட்பதை நிறுத்துங்கள். போன வருஷம் பிள்ளைகள் எந்தெந்த நிறுவனத்துக்குப் போனார்கள் என்று பட்டியல் கேளுங்கள். அங்கே யார் சொல்லித்தந்தது என்று கேளுங்கள். ஸ்டைபண்ட் எவ்வளவு வந்தது என்று கேளுங்கள். மாணவன் காசு கொடுத்தானா என்று கேளுங்கள். மேற்பார்த்த ஆசிரியர் இன்று கல்லூரியில் இருக்கிறாரா, கூப்பிடுங்கள் பார்க்கலாம் என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் பிளெக்ஸ் பேனரைக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அரசுக்கும் ஒன்று. மாணவனிடம் காசு வாங்கிக்கொண்டு இன்டர்ன்ஷிப் தரும் எந்த நிறுவனத்தின் சான்றிதழும் கிரெடிட்டுக்குச் செல்லாது என்று ஒரு வரி ஆணை போடுங்கள். செலவில்லாத சீர்திருத்தம். அதைப் போட மனமில்லை என்றால், இந்தக் கடையில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்வோம்.