முறுக்குப் பொதியின் அயல்நாட்டுப் பயணம்: நெமிலிச்சேரியை முன்வைத்து ஓர் ஆய்வு

முறுக்கு எடை குறைந்த பண்டம். முறுக்குப் பொதியோ எடை மிகுந்தது. சென்னைப் புறநகர் நெமிலிச்சேரியின் மாடிவீட்டு அடுப்பிலிருந்து இணையத்தில் பலகாரம் விற்க இறங்கியவர்கள் இந்த முதல் விதியைக் கூரியர்காரரின் முதல் பில்லிலேயே கற்றுக்கொள்கிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்தால் கிடைப்பது ‘வால்யூமெட்ரிக்’ எடை. தராசு காட்டும் எடை, இந்தக் கணக்கு எடை, இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம். இரண்டரை கிலோ முறுக்கு உடையாமலிருக்க பபிள் ஷீட் சுற்றி 40 × 30 × 25 பெட்டியில் வைத்தால் அது ஆறு கிலோ. மிச்ச மூன்றரை கிலோ காற்று. முறுக்கின் நடுவிலுள்ள ஓட்டைக்கும் விமானத்தில் வாடகை உண்டு. ஆகவே அதிரசமே சிறந்த ஏற்றுமதிப் பண்டம் என்று ஒரு தரப்பு வாதிடும்: தட்டையானது, கனமானது, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். எண்ணெய் அட்டைப்பெட்டியில் ஊறி விலாசத்தைக் கரைத்துவிடும் என்பதை அத்தரப்பு எண்ணிப் பார்க்கவில்லை.

பெட்டியை ஒட்டியதும் பெயர்சூட்டல். 1988 ஜனவரி 1 முதல் உலக வணிகப் பண்டங்களுக்கெல்லாம் பொதுவான ஆறு இலக்க எண்வரிசை உண்டு. இந்தியா அதை எட்டாக நீட்டி வைத்திருக்கிறது. இவ்வரிசையில் அப்பளத்துக்குத் தனி எண்ணே இருக்கிறது: 1905 90 40. முறுக்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கைமுறுக்கு, முள்ளுமுறுக்கு, தேன்குழல் ஆகியவற்றுக்கு இடையே பாட்டிமார் காத்துவந்த வேற்றுமைகள் எல்லாம் பெரும்பாலும் 2106 90 99 என்ற ஒரே எண்ணில் கலந்துவிடுகின்றன. அதன் பொருள் ‘மற்றவை’. தபாலில் போகும் பொதிக்கு சி.என்.22 அல்லது சி.என்.23 படிவத்தில் பொருளின் பெயர், எடை, விலை எழுத வேண்டும். அங்கே ‘ஸ்நாக்ஸ்’ என்று மட்டும் எழுதுவது சோம்பல். ‘அரிசி மாவு, உளுந்து மாவு, எண்ணெயில் பொரித்தது, பால் இல்லை, இறைச்சி இல்லை’ என்று எழுதுவதே அனுபவம்.

பொதியை எடுத்துச் செல்ல ஆள் வருவது தனி இயல். நெமிலிச்சேரிகள் இரண்டு. ஒன்று பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் நடுவே அரக்கோணம் மார்க்கத்தில் ரயில் நிலையத்தோடு இருப்பது. மற்றொன்று குரோம்பேட்டையில், பின்கோடு 600044. வண்டலூரிலிருந்து வரும் வெளிவட்டச் சாலையின் முதல் கட்டம், ஏறக்குறைய 30 கிலோமீட்டர், முடிவது முதல் நெமிலிச்சேரியில். இச்சாலையின் பயனை முழுமையாக அறிந்தவர்கள் தவறான நெமிலிச்சேரிக்குப் போய்விட்ட பிக்கப் பையன்களே. வழக்கமான உரையாடல் இது: “அக்கா, நெமிலிச்சேரி வந்துட்டேன், எங்க வரணும்?” “ஸ்டேஷன்கிட்ட வாங்க தம்பி.” “இங்க ஏதுக்கா ஸ்டேஷன்?” அந்தக் கேள்வியோடு அன்றைய பிக்கப் முடிந்துவிடும்.

எந்தப் பண்டமும் எல்லை கடந்தால் வரி உண்டு. காவிரிப்பூம்பட்டினத்தில் ஏற்றுமதி மூட்டைகளில் சுங்கத்தார் புலி முத்திரை குத்தியதைப் பட்டினப்பாலை பாடுகிறது. முதலாம் குலோத்துங்கன் சுங்கம் தவிர்த்த சோழன் என்று பெயரெடுத்தான். அப்படிப் பெயரெடுக்கும் ஆசை அண்மைக்கால அரசுகளிடம் தென்படவில்லை. சிறு பொதிகளுக்கு இருந்த வரி விலக்குகள் ஒவ்வொன்றாக உதிர்ந்துவருகின்றன: பிரிட்டனின் 15 பவுண்டு 2021 ஜனவரியில், ஐரோப்பிய ஒன்றியத்தின் 22 யூரோ அதே ஆண்டு ஜூலையில். சிங்கப்பூர் 2023 முதல் 400 வெள்ளிக்குட்பட்ட இணையக் கொள்முதலுக்கும் ஜி.எஸ்.டி. வசூலிக்கிறது. பேரிடி அமெரிக்காவிலிருந்து வந்தது. 800 டாலர் வரையிலான பொதிகளுக்கு இருந்த விலக்கு 2025 ஆகஸ்ட் 29-இல் நின்றது. அதை முன்னிட்டு இந்திய அஞ்சல் துறை ஆகஸ்ட் 25 முதல் அந்நாட்டுக்குப் பொதி வாங்குவதை நிறுத்தி, அக்டோபர் 15-இல்தான் மீண்டும் தொடங்கியது. அப்போது அறிவித்த விலையில் 50 சதவீதத்தை வரியாக இங்கேயே கட்டச் சொன்னது. அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 20. ஐந்து நாளில் நியூஜெர்சி போய்ச் சேரும் தபால் முறுக்கு இன்னும் சுடப்படவில்லை.

எதிர்த்திசைப் பயணமும் உண்டு. கவர் ஒட்டும் சீலிங் மெஷினைக் கடைக்காரர் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால், பொருளின் விலையோடு சரக்குக் கூலியும் காப்பீடும் சேர்ந்ததே வரிக்குரிய மதிப்பு. கூலி எவ்வளவென்று தெரியாவிட்டால் விலையில் 20 சதவீதம் எனக் கொள்ளப்படும்; காப்பீட்டுச் செலவு தெரியாவிட்டால் 1.125 சதவீதம். யாருமே எடுக்காத காப்பீட்டுக்கும் வரி கட்டும் வாய்ப்பு இப்படி வாய்க்கிறது. மதிப்பு 100 ரூபாய், சுங்கவரி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பத்தின் மேல் ஒரு ரூபாய் சமூகநல மேல்வரி, ஆக 111. அதன் மேல் 18 சதவீதம் ஐ.ஜி.எஸ்.டி. சேர மொத்த வரி 30 ரூபாய் 98 காசு. ‘சித்தப்பா அன்பளிப்பாக அனுப்பினார்’ என்ற பழைய உத்தியும் பலிக்காது. தபாலிலோ கூரியரிலோ அன்பளிப்பு என்ற பெயரில் வரியில்லாமல் பொருள் வருவதை 2019 டிசம்பரில் அரசு நிறுத்தியது. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும் விலக்கு. ராக்கியோடு வரும் பரிசுக்கு அதுவும் கிடையாது.

கடைசி நிலை, திரும்பி வரும் பொதி. வாசலில் வரி கேட்டதும் வாங்கியவர் கதவைச் சாத்திக்கொண்டால் முறுக்கு மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கே வந்து சேரும். 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 20-ஆம் பிரிவுப்படி, போய்த் திரும்பிய பொருளும் இறக்குமதிப் பொருளே. விலக்கு கேட்கலாம், ஆனால் போனதும் வந்ததும் ஒன்றே என்று அதிகாரிக்கு நிறுவ வேண்டும். போனபோது முழுசாகவும் மொறுமொறுப்பாகவும் இருந்தது, வரும்போது உடைந்து நமுத்திருக்கும். ஆகவே பார்சல் படிவத்தில் ‘சேராவிட்டால் திருப்பி அனுப்பு’, ‘கைவிட்டதாகக் கொள்’ என்று இரண்டு கட்டங்கள் இருக்குமிடத்தில், தொழிலில் ஊறியவர்கள் யோசிக்காமல் இரண்டாவதில் டிக் அடித்துவிட்டு, அடுத்த பெட்டிக்கு டேப் ஒட்டத் தொடங்குகிறார்கள்.