கருப்பட்டிக்கும் ஸ்தோத்திரம்

தேரிக்காட்டை ஒட்டிய எங்கள் ஊரில் பனை ஓய்ந்தால் அடுப்பும் பாதி ஓய்ந்துவிடும். மாசியிலிருந்து ஆடி வரை பதநீர் இறக்கலாம், கருப்பட்டி காய்ச்சலாம். ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் வியாபாரியிடம் வாங்கிய முன்பணம்தான் சோறு. அந்த அடைமழை மாதங்களில்தான் குடும்ப ஜெபத்தில் அம்மாவின் முறை நீளும்.

ஆனால் அவள் கேட்டது கொஞ்சம்தான். ஓலை வெட்ட ஏறிய அப்பா சேதமில்லாமல் இறங்கியதற்கு ஸ்தோத்திரம். கருப்பட்டி காய்ச்சும் விடிலியின் கூரை காற்றில் பறக்காததற்கு ஸ்தோத்திரம். பக்கத்து வீட்டு மதினி கடனாகக் கொடுத்த அரைப்படி அரிசிக்கு, அவள் முகம் சுளிக்காமல் கொடுத்ததற்குத் தனியாக, ஸ்தோத்திரம். எல்லாம் சொல்லித் தீர்ந்த பிறகே, “பிள்ளைகளுக்கு வேண்டியதைத் தாரும் ஆண்டவரே” என்று ஒரே வரி. விடுதியில் தங்கிப் படித்து வந்த அண்ணன், அரிசிக்கும் பருப்புக்குமா ஜெபிப்பது என்று கேட்டான். “கேக்கதுக்கு என்னல வெக்கம்? அப்பன்கிட்டதான கேக்கோம்” என்றாள்.

கோயிலிலும் அப்படித்தான். ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர்களைப் போதகர் ஐயர் ஒவ்வொன்றாக வாசிப்பார். பசு சுகமாய்க் கன்று ஈன்றதற்காக. கிணற்றில் ஊற்றுக் கண் திறந்ததற்காக. பனையிலிருந்து தவறியும் உயிர் தப்பியதற்காக. யார் வீட்டில் என்ன நடந்தது என்று சபை முழுவதற்கும் தெரிந்துவிடும். அறுப்பின் பண்டிகையில் முதல் கருப்பட்டி, முருங்கைக்காய்க் கட்டு, சேவல் எல்லாம் ஏலத்துக்கு வரும். ஏலம் எடுத்தவர் அதே சேவலைத் திரும்பவும் மேசையில் வைத்துவிட, அது மறுபடி ஏலம் போகும். உலை வைக்கும்முன் ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று தனிக் கலயத்தில் போடுவதும் உண்டு. மிசோரம் பிரெஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910 முதல் ‘புஃபாய் தாம்’ என்று இதையே செய்துவருகிறார்கள் என்று பின்னாளில் அறிந்தபோது, அம்மாவுக்கு ஒரு கூட்டம் கிடைத்ததுபோல் இருந்தது.

இப்போது இருப்பது சென்னையில். பனையேறப் போகிறவர் எங்கள் வீட்டில் யாரும் இல்லை. அரிசி மூட்டையாக வருகிறது. சபையின் வாட்ஸ்அப் ஜெபக் குழுவில் விண்ணப்பங்கள் அத்தனை விவரமாக இருக்கின்றன: விசா நேர்காணலின் தேதி, வீட்டுக் கடனின் தொகை, மகனுக்கு வேண்டிய கல்லூரியும் பாடப்பிரிவும். நன்றிக் காணிக்கை க்யூஆர் கோடு வழியாகப் போகிறது. ஞாயிறு அறிக்கையில் ‘ஒரு குடும்பத்தார், ஸ்தோத்திரக் காணிக்கை’ என்று மட்டும் வருகிறது. எதற்காக? தெரியாது. அன்று நன்றி நீளமாகவும் வேண்டுதல் ஒரு வரியாகவும் இருந்தது, கையில் ஒன்றுமில்லாத வீட்டில். வீடு நிறைந்தபின் இரண்டும் இடம் மாறிவிட்டன.

விவரமாகக் கேட்பதை நான் குறை சொல்லமாட்டேன். பொருளுக்காக ஜெபிப்பது தாழ்ந்த ஜெபம் என்கிறவர்கள் பெரும்பாலும் அரிசிப் பானையின் அடியைத் தடவிப் பார்க்காதவர்கள். இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்திலேயே அன்றன்றைய ஆகாரத்துக்கு இடம் இருக்கிறது. விண்ணப்பத்தை ஸ்தோத்திரத்தோடு சேர்த்துத் தெரிவிக்கும்படி பிலிப்பியருக்கு எழுதிய பவுல் அப்போது காவலில் இருந்தார். அதே கடிதத்தின் கடைசியில், எப்பாப்பிரோதீத்துவின் கையில் அவர்கள் கொடுத்தனுப்பிய உதவி வந்து சேர்ந்ததற்கு, கொண்டுவந்தவரின் பெயரைச் சொல்லியே மனம் மகிழ்ந்து எழுதுகிறார். கேட்பதில் இருக்கும் நுணுக்கம் நன்றியிலும் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. என்ன கிடைத்தது, யார் கையால் வந்தது என்று வாய்விட்டுச் சொன்னால், அதே நெருக்கடியில் இருக்கும் பக்கத்துப் பெஞ்சுக்காரருக்குக் கேட்கத் தைரியம் வரும்.

எங்கள் தெரு ஜெபக் கூட்டத்தில் இப்போது பழைய விண்ணப்பங்களை முதலில் எடுத்துப் பார்க்கிறோம். போன வாரம் ஒரு பெண் எழுந்து, வாடகைக்கு வீடு அமைந்துவிட்டது என்றார். மாடிப்படி ஏறவேண்டாத தரைத்தளம், மாமியாரின் முழங்காலுக்கு நல்லது. குழாயில் நல்ல தண்ணீர் வருகிறது. வீட்டுக்காரரிடம் பேசி முடித்தது கீழ்வீட்டு பாய் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி நன்றி செலுத்தினார். அந்தக் கையோடு, அட்வான்ஸில் இன்னும் இருபதாயிரம் குறைகிறது, அதற்கும் ஜெபியுங்கள் என்றார். ஜெபித்தோம்.