மாலுமி ராசாவும் வன்னிக் குளக்கட்டும்

வன்னியில் வெள்ளைக்காரன் கதை என்றால் எல்லாருக்கும் 1803 தான் நினைவுக்கு வரும். வன்னி மன்னன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தது, ஒக்டோபர் 31 இல் கற்சிலைமடுவில் கப்டன் துரீபேர்க்கிடம் தோற்றது எல்லாம் பிள்ளைகளுக்கும் தெரியும். தோற்கடித்ததற்குக் கல்லுகூட நட்டார்கள். துவக்கால் நடந்ததற்குக் கல்லு கிடைத்தது. 29 வருசம் கழித்துக் கடுதாசியால் நடந்த கூத்துக்கு ஒரு செங்கல்லும் இல்லை.

1832 ஏப்ரல் 12. நான்காம் வில்லியம் ராசாவின் பேரில் இலண்டனில் ஒரு கட்டளை பிறந்தது: இலங்கையில் இனி இராசகாரியம் என்ற கட்டாய ஊழியம் கிடையாது. மனிசன் சின்ன வயசிலேயே கப்பலேறிய கடற்படைக்காரர். 'மாலுமி ராசா' என்றே பேர். தண்ணீரில் வளர்ந்தவர்தான், ஆனால் குளத்துக்குக் கட்டு வேணும் என்பதைக் கடல் சொல்லித் தராதே!

கட்டளைக்கு அடியெடுத்துக் கொடுத்தவர்கள் கோல்புறூக், கமரன் என்ற இரண்டு ஆணையாளர்கள். சம்பளமில்லாமல் வேலை வாங்குவது அநியாயம் என்றார்கள். அநியாயம்தான். அதில் குளக்கட்டுக்கு மண் போடுகிற வேலையும் இருந்ததுதான் வில்லங்கம். பெரிய குளங்கள் பல வில்லியத்தின் பாட்டன் பிறக்க முன்னமே உடைந்து காடாகிவிட்டன. அந்தப் பழியை அவர் தலையில் கட்டக்கூடாது. மிஞ்சிக் கிடந்த ஊர்க்குளங்களுக்கு மாரிக்கு முன்னம் ஆளுக்கு இத்தனை கூடை மண் என்று அதட்டி வாங்க ஒரு அதிகாரம் வேண்டியிருந்தது. அதைச் சக்கரவர்த்தி பறித்துவிட்டார். சுதந்திரமான கமக்காரன் சுதந்திரமாக வீட்டில் இருந்தான். தண்ணீரும் தன்பாட்டுக்கு உடைத்துக்கொண்டு போனது.

அடுத்த வருசம் படத்தில் கோடு கீறினார்கள். தீவு ஐந்து மாகாணமானது. வடமாகாணத்துக்குள் வன்னி மட்டுமில்லை, அநுராதபுரமும் விழுந்தது. எல்லாவற்றுக்கும் மேலே யாழ்ப்பாணக் கச்சேரியில் அரசாங்க அதிபராகப் பேர்சிவல் அக்லண்ட் டைக். 1829 இல் கதிரையில் இருந்தவர் 1867 இல் கோப்பாயில் கண்ணை மூடும்வரை எழும்பவில்லை. நான்காம் ஜோர்ஜ் போனார், வில்லியம் வந்து போனார், விக்ரோறியா வந்தார். டைக் மட்டும் டைக்காகவே இருந்தார். சனம் அவரை 'வடக்கின் ராசா' என்றது. இலண்டனில் இருந்தவர் வெறும் சக்கரவர்த்திதானே!

1848 இல் தேசாதிபதி டொறிங்டனுக்குக் காசு முடை. நாய்க்கு ஒரு சிலிங், துவக்குக்கு இரண்டரைச் சிலிங் வரி என்றார். காட்டோரத்தில் நாயும் துவக்கும் இல்லாமல் கமம் செய்கிறவன் யானைக்கும் பன்றிக்கும்தான் விதைக்கிறான். அதோடு பதினெட்டிலிருந்து ஐம்பத்தைந்து வயசு ஆம்பிளை ஒவ்வொருவனும் வருசத்துக்கு ஆறு நாள் றோட்டு வேலை செய்யவேணும், இல்லையென்றால் மூன்று சிலிங். இராசகாரியம் செத்துப் பதினாறு வருசத்தில் கோட்டுச் சூட்டுப் போட்டு எழும்பி வந்தது. மாத்தளையில் கலகம் வெடித்தது, டொறிங்டனைத் திருப்பி அழைத்தார்கள், நாய்வரியைக் கைவிட்டார்கள். நாயை விட்டார்கள், மனிசனை விடவில்லை. ஆறு நாள் அப்படியே நின்றது.

பிறகு வந்த சேர் ஹென்றி வார்ட் நாட்டைச் சுற்றிப் பார்த்து, குளங்கள் கிடந்த கோலத்தில் வாய் பிளந்தார். 1856 இல் நீர்ப்பாசனச் சட்டம். அதன் சாரம் என்ன? ஊரின் பழைய வழக்கப்படி எல்லாரும் குளக்கட்டுக்கு வேலை செய்யவேணும், வராதவனுக்குத் தண்டம். எங்கள் பூட்டன் வைத்திருந்த வழக்கத்தையே பறித்து, இருபத்துநான்கு வருசம் கழித்து அச்சடித்து எங்களுக்கே தந்தார்கள். நன்றி சொல்லுவதா, வாடகை கேட்பதா?

கடைசியில் கமக்காரனின் மண்வெட்டியை மட்டும் நம்பிச் சரிவராது என்று அரசாங்கமே இரணைமடுவில் குளம் கட்ட இறங்கியது. 1902 இல் தொடங்கி 1920 இல் முடித்தார்கள். அதற்குள் ஏழாம் எட்வேட் ஆண்டு செத்தும்போனார்.

இப்போதும் சிறுபோகத்துக்கு முன்னம் கிளிநொச்சியில் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடும். இரணைமடுவில் இருக்கிற தண்ணிக்கு எத்தனை ஏக்கர், ஆருக்கு எவ்வளவு என்று மேசை அதிரும். மாலுமி ராசாவையே கட்டளையும் முத்திரையுமாகக் கொண்டுவந்து அங்கே இருத்தினாலும், வாய்க்கால் கடைசிக் காணிக்காரனை மீறி ஒரு பரப்புக்கூட வாங்கமாட்டார்.