துளை போட்ட அட்டைகள்

வைகாசியில் வரதராஜப் பெருமாளின் கருட சேவை முடிந்ததும் காஞ்சிபுரத்தில் அடுத்த கூட்டம் நோட்டுக் கடையில்தான். பெருமாள் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து பெரிய காஞ்சிபுரம் வரை வந்து திரும்புவார். சில வருஷம் அந்தச் சந்தடி அடங்குவதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிடும். புத்தகம் எதுவென்று அரசாங்கம் முடிவு செய்துவிடும். நோட்டு எது, எத்தனை, எந்தப் பாடத்துக்கு எவ்வளவு பக்கம் என்பதுதான் வீட்டில் பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயம். அந்தப் பேச்சு இப்போது நின்றுபோனது எனக்கு வருத்தம்.

நான் ஆறாம் வகுப்புக்குப் போனது 1979இல். அத்திவரதர் குளத்திலிருந்து எழுந்தருளிய வருஷம் என்பதால் எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் அது நினைவிருக்கும். பிள்ளையார்பாளையத்தில் குழித்தறி இருந்த வீடு எங்களுடையது. கடையில் அன்று இருந்தவை 40 பக்கம், 80 பக்கம், ஒரு குயர், ரெண்டு குயர். கோடு போட்டது, கோடு போடாதது, ஆங்கிலக் கையெழுத்துக்கு நாலு கோடு, தமிழுக்கு இரட்டைக் கோடு. இவ்வளவுதான். ஒரு குயர் என்றால் 24 தாள். நடுவில் மடித்துத் தைத்தால் 96 பக்கம். ரெண்டு குயர் 192. அந்த மெல்லிய நீல அட்டைக்கு மேல் பழுப்புக் காகிதம் போட்டு, லேபிள் ஒட்டி, பெயர் எழுதும்போதே பாதி வருஷம் படித்துவிட்ட மாதிரி தோன்றும். தாள் மட்டமானது. மைப் பேனாவால் அழுத்தி எழுதினால் பின்பக்கத்தில் ஊறும். புகளூர்க் காகித ஆலையில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் வரத் தொடங்கியது 1984இல். நான் பள்ளியை முடிக்கும் வரை ஊறிய தாள்களில்தான் எழுதினேன்.

ஒரு பாடத்துக்கு ஒரு நோட்டு என்று வாங்க முடியாது. ரெண்டு குயர் நோட்டு ஒன்றில் வரலாறு, புவியியல், அறிவியல் மூன்றையும் அடக்க வேண்டும். அப்பா தறியிலிருந்து ஏறி வந்து, கையைத் துடைத்துக்கொண்டு கேட்பார்: "எந்தப் பாடத்துல வாத்தியார் அதிகமா எழுதிப் போடறார்?"

"வரலாறுப்பா."

"அப்போ அதுக்குப் பாதி விட்டுடு. புவியியலுக்குப் படம் போட எடம் வேணுமே, யோசிச்சியா?"

யோசித்துத்தான் ஆக வேண்டும். பக்கத்தை எண்ணி, முதல் பக்கத்தில் பொருளடக்கத்துக்கு இடம் விட்டு, எது எங்கே வரும் என்று பென்சிலால் குறிப்போம். பாடம் தொடங்கும் முன்பே பாடத்தின் அளவை மனத்தில் போட்டுப் பார்க்கிற வேலை அது. பதினோரு வயதுப் பிள்ளைக்கு அது சின்ன வேலையில்லை.

பிரிப்பதற்கு அப்பா தந்தது ஜக்கார்டு அட்டை. பட்டுத்தறி பார்க்காதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். சேலையில் வரும் மயிலோ மாங்காயோ முதலில் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வரையப்படும். அதைப் பார்த்து அட்டை அடிப்பவர் கெட்டியான நீள அட்டைகளில் துளை போடுவார். குறுக்கே ஓடும் ஊடை இழை ஒன்றுக்கு ஓர் அட்டை. துளை இருக்கும் இடத்தில் தறியின் மேலிருக்கும் கொக்கி நீளவாட்டில் இருக்கும் பாவு இழையைத் தூக்கும், துளை இல்லாத இடத்தில் தூக்காது. ஒரு மயிலுக்கு எத்தனை ஊடையோ அத்தனை அட்டை. எல்லாவற்றிலும் எண் எழுதி, வரிசையாகக் கயிற்றால் கோத்து, தறிக்கு மேலே சங்கிலியாகத் தொங்கவிடுவார்கள். இரண்டு அட்டை இடம் மாறினால் மயிலின் கழுத்து ஒடிந்துவிடும். பிரான்சில் ஜக்கார்டு 1804 வாக்கில் இந்த ஏற்பாட்டை உருவாக்கினார். துளையில் தகவலை வைக்கலாம் என்ற அதே வழியில்தான் பின்னால் ஹாலரித் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை 1890இல் அட்டையில் எண்ணினார். ஆரம்ப காலக் கணினிகளும் அட்டையைத்தான் தின்றன.

ஓடி ஓடி ஓரம் கிழிந்த அட்டையைக் கழற்றி, அதைப் பார்த்துப் புதிது அடித்துக் கோப்பார்கள். கழற்றியது எங்களுக்கு. நோட்டை விட நீளம் என்பதால் செருகினால் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த முனையில் பாடத்தின் பெயர். திறந்தால் துளைகளின் வழியே அடுத்த பாடத்தின் எழுத்து புள்ளி புள்ளியாகத் தெரியும். பத்தாம் வகுப்பில் கிராஃப் நோட்டு வாங்கி வரச் சொன்னபோது வகுப்பில் பாதிப் பேர் அதை விநோதமாகப் புரட்டினார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் அதில் முதல் நாளே புட்டா வரைந்தார்கள்.

ஆனால் அந்தக் காலத்தைப் பொன்னாக்கிக் காட்ட என்னால் முடியாது. கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வேறு வேறு நிறம். கரைக்குத் தனி நாடா ஓட வேண்டும். நெசவாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதைத் தள்ளிக் கொடுக்க ஒரு கை வேண்டும். அந்தக் கை பெரும்பாலும் பிள்ளையின் கையாக இருந்தது. வீட்டில் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளையை வேறொருவர் தறிக்கு அனுப்பிய குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. என் பெஞ்சில் இருந்தவன் ஏழாம் வகுப்பு அரைப்பரீட்சைக்குப் பிறகு வரவில்லை. கணக்கு அவனுக்கு என்னை விட நன்றாக வரும். அவனுடைய நோட்டில் மிச்சமிருந்த வெற்றுத் தாள்களை உருவி, கோணி ஊசியால் தைத்து, அவன் தம்பி ரஃப் நோட்டாக வைத்துக்கொண்டான். குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது 1986இல். அதற்குப் பிறகும் காஞ்சிபுரம் தறிகளிலிருந்து பிள்ளைகளை மீட்டுப் பள்ளியில் உட்கார வைக்கப் பல வருஷம் ஆயிற்று. நோட்டைத் தேர்ந்தெடுப்பது பற்றி எழுதும்போது, நோட்டே தேவைப்படாமல் போனவர்களை விட்டுவிட்டு எழுதக் கூடாது.

அந்த வகையில் இன்று நல்ல காலம். எதிர்வீட்டுப் பெண் அரசுப் பள்ளியில் படிக்கிறாள். புத்தகம், பை, ஜியாமெட்ரி பாக்ஸோடு நோட்டும் விலையில்லாமல் வந்துவிடுகிறது. 2012இல் முப்பருவ முறை வந்ததிலிருந்து சின்ன வகுப்புகளில் புத்தகமும் பருவத்துக்குத் தனித்தனியாகப் பிரிந்து, பை இலேசானது. நோட்டுப் புத்தகத்துக்கு 12 சதவீதம் இருந்த ஜிஎஸ்டியை 2025 செப்டம்பரில் முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். இதையெல்லாம் நான் மனமாரப் பாராட்டுகிறேன். வரி இல்லாத நோட்டு என்பது எங்கள் அப்பா கேட்டிருந்தால் நிம்மதியாகத் தறியில் இறங்கியிருக்கக் கூடிய செய்தி.

கடையும் மாறிவிட்டது. ஐந்து பாடத்துக்கும் வண்ணப் பிரிப்பு வைத்த ஸ்பைரல் நோட்டு, பட்டன் ஃபோல்டர், ஸ்டிக் ஃபைல், உறை வைத்த கிளியர் புக், பக்கவாட்டில் ஒட்டும் வண்ணச் சீட்டு. காந்தி ரோட்டில் பட்டுக் கடைக்குள் நுழைந்த மாதிரி கண் கூசுகிறது. என் பேத்திக்கு அங்கே ஒரு மணி நேரம் நின்று பார்க்கப் பிடிக்கும். ஆனால் அவள் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. இந்த வருஷம் அவளும் ஆறாம் வகுப்பு, தனியார் பள்ளி. சேரும்போதே பட்டியல் வந்துவிடுகிறது: பள்ளியின் முத்திரை அச்சிட்ட நோட்டுதான், தமிழுக்குப் பச்சை உறை, கணக்குக்கு நீலம், அறிவியலுக்கு மஞ்சள், வகுப்புக்கு ஒன்று, வீட்டுப்பாடத்துக்கு ஒன்று. எந்தப் பக்கத்தில் என்ன எழுத வேண்டும் என்பதும் பலகையில் வந்துவிடும். கேள்வியும் பதிலும் பிடிஎஃப் ஆகப் பெற்றோரின் வாட்ஸ்அப்புக்கு வருகிறது. நாங்கள் பிரிண்ட் எடுத்துத் தருகிறோம், அவள் ஃபோல்டரில் போடுகிறாள். ஃபோல்டர் நிறைந்துவிட்டது. அதில் அவளாக எழுதிய வாக்கியம் எத்தனை என்று தேடிப் பார்த்தேன். தலைப்புக்கு அடிக்கோடு போட்டிருந்தாள்.

அச்சில் தயாரான பதில் புதிதல்ல. கோனார் உரை இல்லாமல் தமிழ்நாட்டில் தலைமுறைகள் தமிழ்ப் பரீட்சை எழுதியதில்லை, நானும் எழுதியதில்லை. ஆனால் கோனார் உரையைப் படித்து, வாத்தியார் சொன்னதோடு சேர்த்து, நோட்டில் நம் கையால் இறக்க வேண்டியிருந்தது. எதை விடுவது, எதைச் சுருக்குவது என்று பக்கம் போதாமையே எங்களைக் கேட்டது. இடம் குறைவாக இருந்தபோது பிள்ளைகள் வகுத்த ஒழுங்கை, இடம் தாராளமாக வந்த பிறகு பெரியவர்கள் வகுத்துக் கையில் கொடுக்கிறார்கள். இதுதான் எனக்கு மனத்தாங்கல்.

காஞ்சி படிப்புக்குப் பெயர்போன ஊர். இங்கிருந்த கடிகை என்ற கல்விச்சாலையில் வேதம் படிக்க நாலாம் நூற்றாண்டில், பின்னாளில் அரசனான மயூரசர்மன் வந்ததைக் கர்நாடகத்துத் தாளகுந்தா கல்வெட்டு சொல்கிறது. அந்தக் காலத்துப் படிப்புக்கான ஓலைச்சுவடியிலும் துளை போட்டுத்தான் கயிறு கோத்தார்கள். தறி அட்டையிலும் அப்படித்தான். ஃபைலில் டேக் கோப்பதும் அதே வேலை. கோத்தவருக்கு எந்த ஏடு எதற்கு முன்னால் என்று தெரிந்திருக்க வேண்டும். இன்று எங்கள் தெருவில் சில தறிகளில் எலக்ட்ரானிக் ஜக்கார்டு வந்து, மயில் பென் டிரைவில் இருக்கிறது. அட்டைச் சங்கிலி அங்கே இல்லை. ஆனால் கணினித் திரையில் கட்டம் கட்டமாக அதை வரையும் பையனுக்கு எந்த ஊடைக்கு அடுத்து எந்த ஊடை என்பது தெரியாமல் மயில் வராது. கருவி மாறியதில் எனக்குக் குறையே இல்லை.

மத்தியக் கல்வித் துறை 2020இல் வெளியிட்ட பள்ளிப்பைக் கொள்கையைத் தேடிப் படித்தேன். பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பதுதான் பத்திரிகைகளில் அதிகம் வந்தது. அதற்குள் எனக்குப் பிடித்தது வேறு. ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு ஒரே நோட்டு போதும் என்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து வகுப்பு வேலையைத் தனித் தாளில் எழுதி ஃபைலில் வைக்கலாம், தாள்களை ஒழுங்காக அடுக்கப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்கிறது. அடுக்குவதைப் பாடமாகவே சொல்லியிருக்கிறார்கள்! எங்கள் அப்பா தறிமேடையில் உட்கார்ந்து சொன்னதும் அதுதான்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் பேச மருமகளிடம் சொல்லி என் பெயரையும் கொடுத்திருக்கிறேன். இரண்டு கோரிக்கை. பட்டியலில் ஒரு பாடத்தை, ஒன்றே ஒன்றை, பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள்: நோட்டா ஃபைலா, கோடு போட்டதா போடாததா, எப்படிப் பிரிப்பது என்று அவர்களே முடிவு செய்யட்டும். பிடிஎஃப் பதிலைப் பரீட்சைக்கு முந்திய வாரம் அனுப்புங்கள். அதற்கு முன்னால் பிள்ளை எழுதியதை ஆசிரியர் ஒரு தடவை பார்க்கட்டும். பேத்தி அறிவியலைத் தேர்ந்தெடுத்துவிட்டாள். கோடு போடாத தாள், ஸ்டிக் ஃபைல், இலைகளுக்குத் தனிப் பிரிவு, முதல் தாளில் பொருளடக்கம். அறிவியல் ஆசிரியையிடம் அவளே போய்க் கேட்டதற்கு, "மஞ்சள் நோட்டையும் முடிச்சுக்கோ, இதையும் கொண்டு வா, பார்க்கறேன்" என்றாராம்.